ஹாலே கோவாவில் தங்கப் போகிறீர்களா? ராணுவக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஹவாயில், வைக்கீக்கி கடற்கரையில் ஹாலே கோவா என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமானது. என் வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜண்ட். நாங்கள் அங்கே இரண்டு தடவை தங்கியிருக்கிறோம். முதல் தடவை அவர் ஒன்பது மாத வெளிநாட்டுப் பணி முடித்து வந்தபோது, நாங்களும் எங்கள் மகளும் மட்டும். அடுத்த தடவை ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அதிலிருந்து தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் போட்டுக் கேட்டபடி இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது தனியார் ஹோட்டலா, அரசு விடுதியா?

அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமானது. விடுதி என்றதும் இரும்புக் கட்டிலையும் பச்சைப் போர்வையையும் நினைத்துவிடாதீர்கள். இரண்டு கோபுரங்களில் 800க்கும் மேற்பட்ட அறைகள், நீச்சல் குளங்கள், உணவகங்கள், தென்னை மரங்களுக்கு நடுவே புல்வெளி, அதைத் தாண்டினால் கடல். முதல் கோபுரமான இலிமா 1975இல் திறக்கப்பட்டது. மைலே கோபுரம் 1995இல் சேர்ந்தது. இலிமா ஒரு மஞ்சள் பூ, மைலே மாலை கட்டும் ஒரு வாசனைக் கொடி. இரண்டுமே ஹவாய்க்காரர்கள் கழுத்தில் போடும் மாலைக்கு உரியவை.

ஹாலே என்றால் வீடு, கோவா என்றால் போர்வீரன். அந்தத் தீவுகளில் வளரும் ஒரு உறுதியான மரத்துக்கும் கோவா என்றுதான் பெயர்.

ஹோட்டல் வரிப்பணத்தில் நடப்பதில்லை. தங்குபவர்கள் கொடுக்கும் காசிலேயே தன் செலவைப் பார்த்துக்கொள்கிறது. இதை நான் முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "அரசாங்க சலுகையில் போய் உட்காருவதா" என்று கூச்சப்படும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கூச்சமே வேண்டாம்.

யாரெல்லாம் தங்கலாம்?

பணியில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ரிசர்வ், நேஷனல் கார்டு (National Guard) என்ற பகுதிநேரப் படையினர், பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்கள், இவர்களின் குடும்பத்தார். 2020 ஜனவரியிலிருந்து பணியால் உடல் பாதிப்பு ஏற்பட்ட முன்னாள் வீரர்கள், போரில் காயப்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர்கள், போர்க் கைதிகளாக இருந்தவர்கள், பாதிக்கப்பட்ட வீரரைக் கவனித்துக்கொள்வதாகப் பதிவு செய்யப்பட்டவர் ஆகியோருக்கும் கதவு திறந்தது. இந்த மாற்றம் தெரியாமலே பல முன்னாள் வீரர்கள் வைக்கீக்கியில் மற்ற ஹோட்டல்களுக்குக் காசு கொட்டுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

அறைச் சாவி வாங்கும்போது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். கைப்பையிலேயே வைத்திருங்கள், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

தமிழர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார்களா என்ன?

இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்தவர்கள் உண்டு. இன்னொரு வழியும் இருந்தது. தனக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை, பச்சை அட்டை இல்லாவிட்டாலும், விசாவில் இருக்கும்போதே ராணுவம் சேர்த்துக்கொண்டது. அந்தத் திட்டம் தொடங்கியது 2009 வாக்கில். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மாணவர் விசாவில் வந்த என் வீட்டுக்காரர் அந்த வழியில்தான் உள்ளே போனார். மதுரையில் படித்த தமிழ் ஒருநாள் வைக்கீக்கியில் அறை வாங்கித் தரும் என்று அப்போது யார் நினைத்தது!

வாடகை எப்படி?

பதவியைப் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்குக் குறைவு, மேலே போகப் போக அதிகம். சிப்பாயும் கர்னலும் பக்கத்துப் பக்கத்து அறையில் தங்கலாம், தருகிற தொகைதான் வேறு. அறையிலிருந்து கடல் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்தும் வாடகை மாறும்.

வைக்கீக்கியின் பல ஹோட்டல்களில் இணையத்தில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, தினசரி ரிசார்ட் கட்டணம், வரி என்று கடைசியில் ஏற்றுவார்கள். இங்கே ரிசார்ட் கட்டணம் கிடையாது. அதனால் இரண்டையும் ஒப்பிடும்போது மொத்தத் தொகையை வைத்துப் பாருங்கள். கார் நிறுத்தத் தனிக் காசு. வைக்கீக்கிக்குள் சுற்ற கார் தேவையே இல்லை, தீவின் வடக்குப் பக்கம் போகும் ஒருநாள் மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைத் தங்க வைக்கலாமா?

முடியும். உரிமை உள்ளவர் தன் பெயரில் கூடுதல் அறை எடுத்து விருந்தினரைத் தங்க வைக்கலாம். ஆனால் அவரும் கூடவே அங்கே தங்கியிருக்க வேண்டும். பெற்றோரை மட்டும் அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருந்துகொள்ள முடியாது. எத்தனை அறை, அதற்கு என்ன வாடகை என்பதை பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்தவர். வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். மருமகனோடு வரவேற்பறையில் நின்றபோது, சட்டைப் பையிலிருந்து தன் பழைய முன்னாள் ராணுவத்தினர் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதற்கு அங்கே வேலை இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வைத்துக்கொண்டார். அந்த நான்கு நாளும் காலை ஐந்தரைக்கு எழுந்து, சவரம் செய்து, முழுக்கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு புல்வெளியில் நடப்பார். எதிரே வரும் கிழவர்களில் பாதிப் பேர் தொப்பியில் தங்கள் படைப்பிரிவின் பெயர் இருக்கும். மூன்றாம் நாள் அவர்களில் ஒருவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் ஆங்கிலம் கொஞ்சம்தான், அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இருவரும் முழங்காலைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ராணுவத்தில் அணிநடை போட்டுத் தேய்ந்த முழங்கால்!

எவ்வளவு நாள் முன்னால் பதிவு செய்ய வேண்டும்? விடுப்பு ரத்தானால் என்ன செய்வது?

கிறிஸ்துமஸ், பள்ளிக் கோடை விடுமுறை என்றால் ஒரு வருடம் முன்பே பாருங்கள். மற்ற மாதங்களில் கொஞ்சம் தாமதமானாலும் கிடைக்கும். அறை இல்லை என்று முதலில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். இங்கே வருபவர்கள் எல்லோருமே ராணுவக் குடும்பங்கள், அதனால் கடைசி நேரத்தில் ரத்து செய்பவர்களும் அதிகம். தினமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தால் திடீரென்று ஓர் அறை காலியாகும்.

விடுப்பு ரத்தாவது நம் வாழ்க்கையில் புதிதா? எங்கள் முதல் பயணத்தையே இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். வீட்டுக்காரர் திரும்பும் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது, அப்புறம் இன்னும் பத்து நாள். எனவே ஹோட்டலின் ரத்து விதியை முதலில் படியுங்கள். விமான டிக்கெட்டில் நூறு டாலர் கூடப் போனாலும் தேதி மாற்ற விடும் டிக்கெட்டாக எடுங்கள். குழந்தைகளிடம் தேதியைச் சொல்லவே சொல்லாதீர்கள். "அப்பா வந்ததும் கடலுக்குப் போவோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராணுவ விமானத்தில் இலவசமாகப் போகலாம் என்கிறார்களே?

ஸ்பேஸ்-ஏ என்பார்கள். ராணுவ விமானத்தில் இடம் மிச்சமிருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். கலிஃபோர்னியாவின் டிராவிஸ் போன்ற தளங்களிலிருந்து வைக்கீக்கி இருக்கிற ஹொனலூலு நகரை ஒட்டிய ஹிக்கம் தளத்துக்கு விமானங்கள் போகும். விடுப்பில் இருப்பவரும் அவர் குடும்பமும் ஒரு வரிசை, ஓய்வு பெற்றவர்கள் அதற்கும் பின்னால். ராணுவ அட்டை இல்லாத மாமனார் மாமியாருக்கு இதில் இடம் கிடையாது.

கையில் நாள் நிறைய இருந்து, சின்னக் குழந்தை இல்லாதவர்கள் தாராளமாக முயலலாம். நாங்கள் வேறொரு தளத்தில் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, கடைசியில் காசு கொடுத்து சாதாரண விமானத்தில் போனோம். ஐந்து நாள் விடுமுறையில் இரண்டு நாள் நாற்காலியில் போனது. பணி முடிந்து வந்த மனிதரோடு இருக்கக் கிடைத்த நாள்கள் அவை. என் அபிப்பிராயம்: ஓய்வு பெற்றவர்களுக்கு இது வரம், குறைந்த விடுப்பில் வரும் இளம் குடும்பங்களுக்கு வேண்டாம். திரும்பி வரவும் இடம் கிடைக்காமல் போகலாம், அதற்கான டிக்கெட் காசு கையில் இருக்கட்டும்.

எந்த அறை எடுக்கலாம்?

கடல் தெரியும் அறைதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் பகல் முழுக்க வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் தோட்டம் பார்த்த அறையே போதும். குழந்தை மதியம் தூங்கும், பெரியவர்களுக்கு மூட்டுவலி என்று அறையில் அதிக நேரம் இருப்பவர்கள் கடல் பார்த்த அறை எடுங்கள். அம்மா அந்த பால்கனியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கடல் குழந்தைகளுக்கு ஏற்றதா?

பெரும்பாலும் ஆம். பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால் ஹோட்டல் நிற்கிற ராணுவ இடமான ஃபோர்ட் டெருஸியின் கடற்கரையில் தண்ணீர் சாதுவாகவே இருக்கும். கோடை மாதங்களில் தெற்கிலிருந்து பெரிய அலை வரும் நாள்கள் உண்டு. உயிர்காப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மணல் மெரினா மாதிரி இருக்காது. நீர் விளிம்பில் பவளத்துண்டுகள் காலைக் குத்தும். குழந்தைகளுக்கு ரப்பர் செருப்பு அவசியம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, பெட்டி ஜெல்லி மீன். நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அந்த இனம். பௌர்ணமி கழிந்து எட்டு முதல் பத்து நாளில் வைக்கீக்கி கரைக்குக் கூட்டமாக வரும். கண்ணுக்கே தெரியாது, பட்டால் தீயாக எரியும். பயணத் தேதி குறிக்கும்போதே காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள். ஊரில் அமாவாசை, பௌர்ணமி பார்க்கச் சொன்னால் சலித்துக்கொண்ட நான், இப்போது ஹவாய் போகிற எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். பட்டுவிட்டால் வினிகரை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே அவசர உதவி.

வெயில் பூசு களிம்பில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் உள்ளதை 2021இலிருந்து ஹவாயில் விற்கத் தடை. பவளத்தைக் கொல்கிறது என்பதற்காக. இங்கிருந்து எடுத்துப் போவதிலும் அவை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடற்கரை எல்லோருக்கும் பொது. ஹவாய் சட்டப்படி யாரும் கடற்கரையை வளைத்துக்கொள்ள முடியாது. குளமும் அறையும்தான் நமக்கென்று.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். ஹவாய்ச் சாப்பாட்டில் மீனும் பன்றியும்தான் முன்னால் வரும். அரிசிச் சோறு மட்டும் எங்கும் உண்டு, அது பெரிய நிம்மதி. அறையில் சமையலறை இல்லை. பக்கத்துக் கடையில் தயிர் வாங்கி வைத்துக்கொண்டு, ஊறுகாய் பாட்டிலோடு அம்மா சமாளித்துவிட்டார்.

லூவாவ் என்ற விருந்து, பாட்டும் ஹூலா நடனமுமாக மாலையில் நடக்கும். மண்ணுக்குள் குழி வெட்டிச் சுட்ட பன்றிதான் அதில் ராஜா. சைவக்காரர்கள் நடனத்துக்காகப் போகலாம். அங்கே 'போய்' (poi) என்ற பெயரில் ஒரு கூழ் தருவார்கள். சாம்பல் கலந்த ஊதா நிறம், லேசாகப் புளிக்கும். அம்மா ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது சேப்பங்கிழங்கு" என்றார். அதேதான். ஹோட்டல் நிற்கிற இந்த நிலமே, ராணுவம் 1900களின் தொடக்கத்தில் வாங்கும் முன், மீன் குளங்களும் சேம்பு வயல்களுமாக இருந்த ஈர நிலம்.

பக்கத்தில் என்ன பார்க்கலாம்?

ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரத்தில் ராணுவ அருங்காட்சியகம். 1911இல் கட்டிய பீரங்கிக் கோட்டை அது. பெயர் பேட்டரி ராண்டால்ஃப். ஹொனலூலுத் துறைமுகத்தைக் காக்க 14 அங்குலப் பீரங்கிகள் இரண்டு இருந்தன. பின்னாளில் கோட்டையை இடிக்கப் பார்த்தார்கள். சில இடங்களில் சுவர் 22 அடி கனம், இடிபடவில்லை. சரி, இருக்கட்டும் என்று 1976இல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். உள்ளே போனதும் வெயில் சட்டென்று விலகிக் குளிர்ந்துவிடும். அப்பா கான்கிரீட்டில் கையை வைத்தபடியே சுற்றி வந்தார்.

பேர்ல் ஹார்பரில், 1941இல் ஜப்பானியத் தாக்குதலில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடத்துக்குப் படகில் அழைத்துப் போவார்கள். அந்தக் கப்பலில் இறந்தவர்கள் 1,177 பேர், 900க்கும் மேற்பட்டோர் இன்னும் உள்ளேயே. இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், கட்டணம் 1 டாலர்தான். பையை உள்ளே விடமாட்டார்கள்.

இந்த இரண்டும் போதும் என்பேன். பட்டியல் போட்டுக்கொண்டு தீவு முழுக்க ஓடிய குடும்பங்கள் களைத்துப்போய்த்தான் திரும்பினார்கள்.

வெளிநாட்டுப் பணி முடிந்து வந்தவுடனே போகலாமா?

இதைத்தான் இளம் மனைவிகள் அதிகம் கேட்கிறார்கள். வந்து இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் போங்கள். வந்த கையோடு போனால் இரண்டு பேரும் ஏமாந்துபோவீர்கள்.

நாங்கள் பத்தாம் நாளே போய்விட்டோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வீடியோவில் பார்த்த அப்பா வேறு, பக்கத்தில் படுத்திருக்கிற இந்த மனிதர் வேறு என்று நினைத்தாள். அவர் தூக்கினால் என்னை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பால்கனியில் போய் நின்றுகொண்டார். நான் தினமும் ஏதாவது திட்டம் போட்டு வைத்திருந்தேன், படகு, மலையேற்றம், ஷாப்பிங் என்று. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குளத்தோரம் சும்மா உட்கார்ந்தோம். அவர் மணலைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கவிழ்த்தார். இட்லி! மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் போய், "சட்னி?" என்று கேட்டாள். அன்று முழுக்க மணல் இட்லிக் கடைதான். ராத்திரி அவர் தோளில் தூங்கினாள்.

அதனால் முதல் இரண்டு நாளுக்கு ஒரு திட்டமும் போடாதீர்கள். அவர் பேசாமல் இருந்தால் விடுங்கள். ராத்திரி எழுந்து நடந்தால் கூடவே எழுந்து கேள்வி கேட்காதீர்கள். கோபமோ தூக்கமின்மையோ வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் படைப்பிரிவின் மதகுருவிடமோ மருத்துவரிடமோ பேசச் சொல்லுங்கள். அதற்கு ஹவாய் மருந்தாகாது.

வெள்ளிக்கிழமை வாணவேடிக்கை உண்டாமே?

பக்கத்து ஹோட்டல் வெள்ளி இரவுகளில் கடற்கரையில் வெடிப்பது வழக்கம். புல்வெளியில் எல்லோரும் பாய் விரித்துப் பார்ப்பார்கள். அழகுதான். ஆனால் உங்கள் வீட்டு மனிதருக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளுமா என்று முன்பே கேளுங்கள். என் வீட்டுக்காரர் முதல் வெடிக்கே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார். பக்கத்துப் பாயில் இருந்த வயதானவர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து வந்து, "நான் இதற்கு எப்போதும் உள்ளே போய்விடுவேன், வருகிறாயா?" என்றார். இருவரும் போய்க் காபி குடித்தார்கள். வேறு எந்த ஹோட்டலில் இது நடக்கும்?

மற்ற விருந்தினர்கள் எப்படிப்பட்டவர்கள்?

எனக்கு இந்த இடம் பிடித்ததே அவர்களால்தான். "உங்கள் கணவர் எங்கே, எப்போது வருவார்" என்று யாரும் துருவமாட்டார்கள். எத்தனை மாதம் என்று மட்டும் கேட்பார்கள். ஒன்பது என்றால் தலையாட்டுவார்கள். அவ்வளவு போதும்.

வியட்நாம் போர்க்காலத்தில், ஹோட்டல் வருவதற்கு முன், இதே ஃபோர்ட் டெருஸியில்தான் சில நாள் விடுப்பில் வரும் வீரர்களை அவர்கள் மனைவிமார் வந்து சந்தித்தார்கள். வீரர்கள் பேருந்தில் வந்து இறங்குவார்கள், மனைவிமார் வரிசையாக நின்று தேடுவார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு பாட்டியைக் காலைச் சாப்பாட்டு வரிசையில் பார்த்தேன். 1969. அவருக்கு அப்போது இருபது வயது. கணவர் இளைத்துக் கறுத்துப்போய் எதிரே வந்து நின்றபோதும் அடையாளம் தெரியாமல், அவருக்குப் பின்னால் வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "அவர் என் பெயரைச் சொன்னார், குரலை வைத்துக் கண்டுபிடித்தேன்" என்றார். இப்போது கணவர் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில் தனியாக வந்து தங்குகிறார். என் மகளுக்குத் தன் தட்டிலிருந்து பப்பாளித் துண்டு கொடுத்துவிட்டு, "இவள் அப்பா குரலைத் தெரிந்துகொண்டாளா?" என்று கேட்டார்.

எத்தனை நாள் தங்கலாம்?

அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து போனால் ஐந்து நாள், கிழக்கிலிருந்து என்றால் ஏழு. நேர வித்தியாசத்துக்கே ஒருநாள் போய்விடும். இந்தியாவோடு வித்தியாசம் பதினைந்தரை மணி நேரம், ஊருக்கு போன் செய்யும்போது நினைவிருக்கட்டும்.

இதேபோல் வேறு இடங்கள்?

ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குள் ஷேட்ஸ் ஆஃப் கிரீன், ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் எடெல்வைஸ், சியோலில் டிராகன் ஹில். குழந்தைகள் பள்ளி வயதில் இருந்தால் ஃபுளோரிடா அவர்களுக்குப் பிடிக்கும். எங்கள் மகளிடம் கேட்டோம். மணல் இருக்குமா என்றாள். மறுபடி ஹாலே கோவாவுக்கே பதிவு செய்திருக்கிறோம், பௌர்ணமி பார்த்து.